சிறுவாடு

யானைக்கல் இறக்கத்தில் என் பருத்திப்பால் வண்டி.
சாயங்காலம் ஐந்துக்குச் சட்டியில் கருப்பட்டி கரையும்,
சுக்கு வாசம் பாலம் ஏறும்.
அதிலிருந்து ராத்திரி பதினொன்று வரை
அந்தப் பெட்டி பேசும்.

உள்ளங்கை அளவுதான்.
தை மாதம் டை கட்டிய ஒரு பையன்
கட்டம்கட்டமாய் ஓர் அட்டையை ஒட்டி,
பக்கத்தில் அதை உட்காரவைத்துப் போனான்.
"இனி நீங்க பாக்கவே வேணாம்க்கா, அதுவே சொல்லிரும்."

சொல்லத்தான் செய்கிறது.
'முப்பது ரூபாய் பெறப்பட்டது.'
செய்தி வாசிக்கிற குரல்.
மதுரையில் எவளும் அப்படிப் பேசமாட்டாள்.

பொய் சொல்லக்கூடாது, நல்லதும் செய்திருக்கிறாள்.
சில்லறைக்கு மிட்டாய் நீட்டி ஏச்சு வாங்குவதில்லை.
கிழிந்த பத்து ரூபாயை நாலாய் மடித்து
யாரும் என் தலையில் கட்டுவதில்லை.
ஒருநாள் மூன்று பேர் ஆறு டம்ளர் குடித்துவிட்டு
அனுப்பியாச்சு என்று செல்லைக் காட்டினார்கள்.
பெட்டி வாய் திறக்கவில்லை.
"அவ சொல்லட்டும்" என்றேன்.
முறைத்தார்கள், முனகினார்கள், மறுபடி விரலால் தேய்த்தார்கள்.
'நூற்றெண்பது ரூபாய் பெறப்பட்டது.'
எனக்காக ஒருத்தி சாட்சி சொன்னது
இந்த நாற்பத்தொரு வயதில் அன்றுதான்.

ஆனால் எதிரே, பஞ்சர் கடை வாசலில்,
சாய்த்து நிறுத்திய பைக்கின் மேல்
காசிமாயன் இருப்பார்.
என் வீட்டுக்காரர். கணக்கில் கெட்டி.
பெட்டி சொல்லச் சொல்ல விரல் மடக்குவார்.
அடுப்பை அணைக்குமுன் வந்து நிற்பார்:
"ரெண்டாயிரத்து நானூத்தி முப்பது. சரியா ஜெயக்கொடி?"
சரியாகத்தான் இருக்கும்.
விழுவதும் அவர் பேரில் உள்ள கணக்கில்தான்.

முன்பு எனக்கும் ஒரு கணக்கு இருந்தது.
நாளுக்கு இருபது, கூட்டம் கண்டால் ஐம்பது,
மல்லித்தூள் டப்பாவின் அடியில்.
அதில்தான் கடைவாய்ப் பல் பிடுங்கினேன்.
துர்காவுக்குக் கணக்கு டியூஷன்.
காரணமே இல்லாமல் ஒரு டஜன் பச்சை வளையல்.
சிறுவாடு என்று அதற்குப் பேர்.
சத்தமில்லாமல் இருப்பதுதான் அதன் முதல்.
பெட்டி வந்தபிறகு
டப்பாவில் மல்லித்தூள் மட்டும்.

சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்க முந்தின ராத்திரி
பாலம் முழுக்கத் தலை.
எந்தச் செல்லிலும் சிக்னல் இல்லை.
பெட்டி ஊமை.
சட்டைப்பை, இடுப்பு, முந்தானை முடிச்சு என்று
சனம் தடவித் தடவி எடுத்தது.
காசு! ஈரமாய், மடங்கி, உடம்புச் சூட்டோடு.
எழுநூறு ரூபாய் ரவிக்கைக்குள் ஏறியது.
டவர் படுத்தே கிடக்கட்டும் என்று
அழகரிடமே வேண்டினேன்.
தப்புத்தான். அதே நேரம்
பிள்ளையைத் தோளில் போட்ட ஒரு சோழவந்தான்காரர்
சல்லிக்காசில்லாமல் வண்டிமுன் நின்றார்.
குடிங்க, பிறகு அனுப்புங்க என்றேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை மூன்றரைக்கு
கட்டிலடிப் பையிலிருந்து அவள் பேசினாள்:
'அறுபது ரூபாய் பெறப்பட்டது.'
நாணயமான மனுஷன்.
காசிமாயன் தூக்கத்திலேயே
இரண்டு விரலை மடக்கினார்.

அந்த வாரமே தபால் ஆபீஸ் போனேன்.
கட்டைவிரலை வைத்தேன். ஐந்து நிமிஷம்.
என் பேரில் ஒன்று ஆவதற்கு
இவ்வளவுதான் நேரம் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
"சவுண்டு பாக்ஸும் தரவாக்கா?"
வேண்டாம் தாயி.

புது அட்டை கருப்பட்டி டின் மூடியின் உள்பக்கம்.
பெரியாஸ்பத்திரி நர்சுகள் இருவருக்கும்
கோர்ட்டு குமாஸ்தாவுக்கும் தெரியும்;
குனிந்து, மூடியைத் தூக்கி, செல்லைக் காட்டுவார்கள்.
"யாவாரம் டல்லடிக்குதே" என்கிறார் இவர்.
சனம் காப்பிக்கு மாறிருச்சுங்க.

ராத்திரி போர்வைக்குள்
துர்காவின் பழைய செல்லைத் திறக்கிறேன்.
ஆயிரத்து நூற்று நாற்பது.
மல்லி வாசம் இல்லை. விரலால் தடவி எண்ண முடியவில்லை.
இருக்கிறது, ஆனாலும்.
சத்தத்தை அடைக்க மகள் சொல்லித்தந்தாள்.
வெளிச்சத்தைக் குறைப்பது எப்படி என்று
இன்னும் கேட்கவில்லை.
அது போர்வையின் இழைவழியே கசிந்து
பக்கத்தில்,
மடங்கிய விரல்களின் மேல் விழுகிறது.